முற்கால இசை விழாவுக்குக் கருப்பொருள் நிகழ்ச்சியை முன்மொழிவது எப்படி

இடைக்காலத்திலிருந்து ஏறத்தாழ 1750 வரையிலான ஐரோப்பிய இசையை, அது பிறந்த காலத்து வாத்தியங்களோடும் வாசிப்பு முறைகளோடும் வழங்குவதற்கென்றே நடக்கும் விழாக்கள் பல உள்ளன. ‘ஏர்லி மியூசிக்’ என்று அறியப்படும் இந்த முற்கால இசைக்கான விழாவில் மேடை கிடைக்க, ஒரு குழு நன்றாகப் பாடுவதும் வாசிப்பதும் மட்டும் போதுவதில்லை. விண்ணப்பிக்கும் குழுக்களில் பெரும்பாலானவை அதை ஏற்கெனவே செய்கின்றன. இந்தப் படைப்புகளை, இந்த வரிசையில், இந்தக் குழுவே ஏன் வழங்க வேண்டும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறதா என்பதைத்தான் தேர்வுக் குழுவினர் முதலில் பார்க்கிறார்கள். அந்த விடையே கருப்பொருள்.

படைப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு அவற்றின் மேல் ஒட்டும் தலைப்பாகக் கருப்பொருளை நினைத்து எழுதப்பட்ட முன்மொழிவு, முதல் வாசிப்பிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையில் அது முதலில் எடுக்க வேண்டிய முடிவு. எத்தனை கலைஞர்கள் தேவை, எந்தச் சுருதியில் வாசிப்பது, எப்படிப்பட்ட கட்டடம் பொருந்தும், செலவு எவ்வளவு ஆகும் என்பவை எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் மிகுதியான இடத்தைக் கருப்பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

விழாவை அறிந்துகொள்ளுதல்

ஒரே முன்மொழிவைப் பல விழாக்களுக்கு அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் விழாக்கள் ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1982 முதல் நடக்கும் விழா, ஆண்டுதோறும் கோடையின் இறுதியில், ஒரு பெரிய கருப்பொருளைச் சுற்றி அமைகிறது. 2016-இல் வெனிஸ், 2019-இல் நேப்பிள்ஸ், 2024-இல் செவில் என்று நகரங்களையே மையமாகக் கொண்ட ஆண்டுகள் அதற்கு உண்டு. பாஸ்டன் விழா முதன்முதலில் 1981-இல் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஜூன் மாதத்தில், முழு மேடை அமைப்போடு வழங்கப்படும், பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) இசை நாடகமான ஓபராவை நடுநாயகமாக வைத்து நடக்கிறது. யார்க் விழா 1977-இல் தொடங்கியது. ஜூலை மாதத்தில், இடைக்காலத் தேவாலயங்கள் நிறைந்த ஒரு நகரில் நடக்கிறது. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் விழா பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாளின் வார இறுதிக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு விழாவுக்கு மிகப் பொருத்தமாக இருக்கும் நிகழ்ச்சி மற்றொன்றின் திட்டத்தில் நுழைய இடமே இல்லாமல் போகலாம்.

விண்ணப்பிக்கும் முன், அந்த விழாவின் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரல்களை எடுத்து வரிக்கு வரி படியுங்கள். எந்த நூற்றாண்டுக்கு அதிக இடம் கொடுக்கிறார்கள், புனித இசையும் உலகியல் இசையும் எந்த விகிதத்தில் வருகின்றன, சிறு குழுக்களுக்கு எந்த நேரத்தில் எந்த அரங்கைத் தருகிறார்கள், உங்கள் நாட்டமுள்ள இசையமைப்பாளர் அண்மையில் அங்கே வந்துவிட்டாரா என்பவை அங்கேயே தெரிந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு முழு மாலையைப் பெற்ற இசையமைப்பாளரை மறு ஆண்டே யாரும் மீண்டும் அழைப்பதில்லை.

விழாவுக்குள் நுழையும் வாசல்களும் பல. முதன்மை நிரலில் வரும் நிகழ்ச்சிகளைக் கலை இயக்குநர் பெரும்பாலும் தாமே தேடி அழைக்கிறார். அங்கே முன்மொழிவு ஓர் அறிமுகமாகவே செயல்படும், திட்டமிடுதலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடும். ‘ஃபிரிஞ்ச்’ எனப்படும் துணை நிரலில் வெளிப்படையான அழைப்பும் கெடு தேதியும் இருக்கும், ஆனால் அரங்க ஏற்பாட்டையும் செலவையும் குழுவே ஏற்க வேண்டிய நிலை பல இடங்களில் உண்டு. மூன்றாவது வாசல் இளம் குழுக்களுக்கானது. யார்க்கில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டு இளம் கலைஞர் போட்டியும், பிரான்சின் ஆம்ப்ரோனே விழா முன்னின்று ஐரோப்பிய ஒன்றிய ஆதரவுடன் நடத்திய வளரும் குழுக்களுக்கான திட்டமும் இவ்வகையைச் சேர்ந்தவை. எந்த வாசலுக்கு எழுதுகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் எழுதத் தொடங்க வேண்டாம். துணை நிரலுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் பன்னிரண்டு பேருக்கான பயணச் செலவைக் கேட்டால், அழைப்பைப் படிக்கவில்லை என்பதே அதற்குப் பொருளாகும்.

கருப்பொருளைக் கண்டடைதல்

‘பரோக் மணிகள்’, ‘காதலும் பிரிவும்’, ‘வெனிஸின் ஒளி’ போன்றவை தலைப்புகள்தாம், கருப்பொருள்கள் அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் எந்தப் படைப்பையும் ‘காதலும் பிரிவும்’ என்ற பெயரின் கீழ் கொண்டுவந்துவிடலாம். எதையும் விலக்க முடியாத பெயர் எதையும் தேர்ந்தெடுக்கவும் உதவாது. நல்ல கருப்பொருள் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லக்கூடியதாக, பயனிலை உள்ளதாக இருக்கும். இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன காரணத்தால் இசைக்கு இது நேர்ந்தது என்று அந்த வாக்கியம் ஒன்றைச் சாற்ற வேண்டும், அதைக் கேட்பவருக்கு ‘அப்படியா, எப்படி?’ என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

நூற்றாண்டு நினைவுகள் எளிதாகக் கைக்கு வரும் கருப்பொருள்கள். இசையமைப்பாளர் ஜோஸ்கின் இறந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்த 2021, வில்லியம் பர்ட் இறந்து நானூறு ஆண்டுகள் நிறைந்த 2023, பாலஸ்த்ரீனா பிறந்து ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்ததாகக் கொள்ளப்படும் 2025 ஆகியவற்றில் ஒரே பெயரைத் தாங்கிய விண்ணப்பங்கள் குவிவது இயல்பே. நினைவாண்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை. ஆனால் ஆண்டு எண்ணைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நிகழ்ச்சிக்கு ஒரு காரணம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அதே பெயரில் இன்னும் பெரிய குழு ஒன்று அனுப்பிய முன்மொழிவு உங்களுடையதை எளிதாக முந்திவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக உருவாக்கிப் பார்ப்போம். முப்பதாண்டுப் போர் 1618 முதல் 1648 வரை ஜெர்மன் நாடுகளைச் சிதைத்தது. அரசவை இசைக்குழுக்கள் கலைந்தன, பாடகர்களுக்கு ஊதியம் நின்றது. டிரெஸ்டன் அரசவை இசைத் தலைவரான ஹைன்ரிஷ் ஷூட்ஸ் 1619-இல் வெளியிட்ட ‘தாவீதின் சங்கீதங்கள்’ பல பாடகர் குழுக்கள் எதிரெதிரே நின்று பாடும் பெரும் படைப்புகளைக் கொண்டது. அதே ஷூட்ஸ் 1636-இலும் 1639-இலும் வெளியிட்ட ‘சிறு ஆன்மிகக் கச்சேரிகள்’ (இங்கே கச்சேரி என்பது ஒரு படைப்பு வகையின் பெயர்) ஒன்று முதல் ஐந்து குரல்களுக்கும், அடித்தளமாக ஒலிக்கும் தாழ்சுரத் துணையிசையான கன்டினுவோவுக்கும் மட்டுமே எழுதப்பட்டவை. போரினால் இசை பல இடங்களில் முற்றிலும் விழுந்துவிட்டது என்று முதல் பகுதியின் முகவுரையில் அவரே வருந்தி எழுதியிருக்கிறார். ‘போர் இசையைச் சிறிதாக்கியது’ என்பது இதிலிருந்து உடனே தோன்றும் வாக்கியம். எட்டுப் பேர் கொண்ட குழுவால் செய்ய முடிந்தது, கதை உள்ளது, ஆண்டுகள் தெளிவானவை. பலரும் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

நிறுத்தக் கூடாது. தேர்வுக் குழுவில் பதினேழாம் நூற்றாண்டை அறிந்த ஒருவராவது இருப்பார், அவருக்கு அந்த வாக்கியம் பாதி உண்மை என்பது தெரியும். சில குரல்களும் கன்டினுவோவும் மட்டும் கொண்ட ஆன்மிகக் கச்சேரி போருக்கு முன்பே இருந்த வடிவம். லொடோவிகோ வியாடானா 1602-இல் வெனிஸில் அத்தகைய நூறு படைப்புகளை வெளியிட்டுவிட்டார். லைப்சிக்கில் யோஹான் ஹெர்மன் ஷைன், ‘இத்தாலியப் பாணியில்’ என்று தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்து, 1618-இல் தம் தொகுப்பைக் கொண்டுவந்தார். அதாவது வடிவம் இத்தாலியிலிருந்து புதுமையாக வந்தது. போர் அந்தப் புதுமையைத் தேவையாக மாற்றியது. இந்த இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிட உண்மையானது, சுவையானதும்கூட, ஏனென்றால் இன்பத்துக்காகக் கற்ற ஒரு சுருங்கிய மொழி பிற்பாடு பற்றாக்குறையின் மொழியாக ஆனதை அவையினர் தம் காதால் கேட்டு உணர முடியும்.

கருப்பொருள் இப்படிக் கூர்மையானதும் வரிசை தானாகவே அமையத் தொடங்கும். முதலில் வியாடானாவின் ஒரு கச்சேரி. அடுத்து ஷைனின் இரண்டு. பிறகு சாமுவேல் ஷைட் 1624-இல் வெளியிட்ட விசைப்பலகைத் தொகுப்பிலிருந்து ஒரு தனி ஆர்கன் படைப்பு, அந்த நேரத்தில் பாடகர்கள் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். நடுப்பகுதியில், ‘கடவுளே, என்னை விடுவிக்க விரைந்து வாரும்’ என்று ஒற்றைக் குரலில் தொடங்கும், 1636 தொகுப்பின் முதல் படைப்பும் அதன் தோழர்களும். இறுதியில் 1647-இல் ஷூட்ஸ் வெளியிட்ட இரண்டாம் ‘சிம்ஃபோனியே சாக்ரே’ தொகுப்பிலிருந்து, அமைதியை அருளும்படி வேண்டும் பாடல், அதில் இரண்டு வயலின்கள் மீண்டும் வந்து சேர்கின்றன. அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது அதற்கு அடுத்த ஆண்டு. வயலின்கள் நடுப்பகுதியில் மௌனமாக இருந்துவிட்டு இறுதியில் திரும்புவதற்கு இப்போது கருப்பொருள் சார்ந்த காரணம் இருக்கிறது; முன்மொழிவில் இதை ஒரு வாக்கியத்தில் சொன்னால், நிகழ்ச்சியின் வடிவம் படிப்பவரின் மனத்தில் நிற்கும்.

வரிசையைச் சோதிக்க மிக எளிய வழி, ஒவ்வொரு படைப்பாக நீக்கிப் பார்ப்பது. நீக்கிய பின்னும் கருப்பொருள் குறைபடாமல் நின்றால், அந்தப் படைப்பு உங்கள் விருப்பத்துக்காக உள்ளே வந்திருக்கிறது. விருப்பத்துக்காக ஒன்று வரலாம். மூன்று வந்தால் நிகழ்ச்சி நெகிழ்ந்துவிடும். இன்னொரு சோதனை, இரண்டு படைப்புகளை இடம் மாற்றிப் பார்ப்பது. எப்படி மாற்றினாலும் பொருள் ஒன்றே என்றால், உங்களிடம் இருப்பது பட்டியல் மட்டுமே.

கருப்பொருள் சிறிதாக இருப்பதில் அச்சம் வேண்டாம். இத்தாலியின் ஃபெராரா அரசவையில் அதன் ஆட்சியாளர் இரண்டாம் அல்ஃபோன்சோவின் ஆதரவில் 1580-களில் பாடிய பெண் பாடகியர் குழு, தேர்ந்தெடுத்த சிலர் மட்டுமே கேட்கும்படி பாடியது. லுட்ஸாஸ்கோ லுட்ஸாஸ்கி அவர்களுக்காக இயற்றியவை, அல்ஃபோன்சோ இறந்து, ஃபெராரா போப்பின் ஆட்சிக்குப் போன பிறகு, 1601-இல்தான் அச்சாயின. ஒன்று, இரண்டு, மூன்று சொப்ரானோ (உச்சப் பெண் குரல்) குரல்கள், விசைப்பலகைக்கு முழுமையாக எழுதப்பட்ட துணையிசை, அவ்வளவுதான். நால்வரோ ஐவரோ போதும், ஆனால் ஆயிரம் பேர் அமரும் அரங்கு கூடாது. ‘மூடிய அறைக்குள் இருந்த இசை, அந்த அறையே இல்லாமல் போன பின் வெளியே வந்தது’ என்ற வாக்கியம், எந்த அரங்கைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பின்னிரவு நேரத்துக்குச் சிறிய மண்டபத்தில் ஏதாவது வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கும் இயக்குநருக்கு இப்படிப்பட்ட முன்மொழிவு மிகவும் உதவும்.

விழா தனக்கென ஆண்டுக் கருப்பொருளை அறிவித்திருந்தால், அதன் நேர் நடுவில் போய் நிற்க முயல வேண்டாம். நேப்பிள்ஸ் என்று அறிவித்த ஆண்டில் அந்நகரின் புகழ்பெற்ற ஓபராக்களை முன்மொழியப் பெரிய குழுக்கள் இருக்கும். அந்நகரிலிருந்து வெளியே சென்றவர்கள், அங்கே வந்து கற்றவர்கள், அங்கிருந்த கையெழுத்துப் பிரதி ஒன்று வேறெங்கோ போய்ச் சேர்ந்த வரலாறு என ஓரங்களிலிருந்து நடுவை நோக்கும் நிகழ்ச்சிக்கே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே சமயம், தொடர்பு ஒரே வாக்கியத்தில் விளங்க வேண்டும். மூன்று பத்திகள் எழுதித்தான் தொடர்பை நிறுவ முடியும் என்றால் அந்தத் தொடர்பு இல்லை என்றே கொள்ளுங்கள்.

மூலங்களும் உரிமைகளும்

இசைக்குறிப்பு கையில் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் எந்தப் படைப்பையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். எந்த நூலகத்தில் எந்த மூலம் இருக்கிறது என்பதை அறிய, 1952-இல் தொடங்கப்பட்ட ‘ரிஸ்ம்’ என்ற பன்னாட்டு இசை மூலப் பட்டியல் முதல் துணை. இடைக்கால, மறுமலர்ச்சிக் காலக் கையெழுத்துப் பிரதிகளின் படங்களுக்கு ‘டயம்’ தொகுப்பு உதவும். அச்சு மூலங்கள் பலவற்றை ‘ஐ.எம்.எஸ்.எல்.பி.’ தளத்தில் இலவசமாகவே காணலாம், ஆனால் அங்கே கிடைக்கும் எல்லாப் பதிப்புகளும் நம்பத்தக்கவை அல்ல.

இசையமைப்பாளர் இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டதால் உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை என்று நினைப்பது ஆபத்தானது. மிஷேல்-ரிஷார் த லலாந்து 1726-இல் இறந்தவர். அவருடைய படைப்புகளுக்கு லயனல் சாக்கின்ஸ் தயாரித்த நவீனப் பதிப்புகளைப் பயன்படுத்திய ஹைபீரியன் இசைப்பதிவு நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அந்தப் பதிப்புகளுக்குப் பதிப்பாசிரியரின் பதிப்புரிமை உண்டு என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஒவ்வொரு படைப்புக்கும் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள், அது வாடகைக்கு எடுக்கப்படுகிறதா, வானொலி ஒலிபரப்புக்கு அனுமதி உண்டா என்பதைக் குறித்து வையுங்கள். பல விழாக்களின் நிகழ்ச்சிகளை வானொலிகள் பதிவு செய்கின்றன. கடைசி வாரத்தில் அனுமதி தேடுவது எல்லோருக்கும் தொல்லை. குழுவே மூலத்திலிருந்து பதிப்பைத் தயாரித்திருந்தால் அதை முன்மொழிவில் தயங்காமல் சொல்லுங்கள். அது உரிமைச் சிக்கலைத் தீர்ப்பதோடு, உங்கள் உழைப்பையும் காட்டும்.

சுருதி, இடம், நேரம்

முன்மொழிவுகளில் மிகவும் அலட்சியமாக விடப்படும் பகுதி இதுதான். என் கருத்தில், அனுபவமுள்ள குழுவையும் அனுபவமில்லாத குழுவையும் பிரித்துக் காட்டுவதும் இதுவே. பிந்தைய பரோக் இசையை இன்று பெரும்பாலும், சுருதிக்கு அடிப்படையாகக் கொள்ளும் ‘ஏ’ சுரம் 415 ஹெர்ட்ஸ் என்ற அளவில் வாசிக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய, ஜெர்மன் இசைக்கு 440 அல்லது 466, பிரெஞ்சு இசைக்குச் சில வேளைகளில் 392. கார்னெட்டோ, சாக்பட் ஆகிய பழைய ஊது வாத்தியங்களை வாசிப்பவர்களிடம் 466-க்கான வாத்தியமே இருக்கக்கூடும். விழா தரும் சிறு ஆர்கன் பெரும்பாலும் 415-க்கும் 440-க்கும் மாற்றக்கூடியது. 466 வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். தேவாலயத்தில் நிலையாக உள்ள பெரிய ஆர்கனைப் பயன்படுத்த விரும்பினால், அதன் சுருதியை நீங்கள் மாற்ற இயலாது, மற்ற வாத்தியங்கள்தாம் அதனோடு இணங்க வேண்டும். ஆகவே முன்மொழிவில் சுருதியையும், தேவையான விசைப்பலகை வாத்தியத்தின் வகையையும் எண்ணோடு எழுதுங்கள்.

சுரங்களுக்கிடையிலான இடைவெளிகளை வகுக்கும் முறையையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். வியாடானாவுக்கும் ஷூட்ஸுக்கும் பொருந்தும் ‘மீன்டோன்’ முறையில் மூன்றாம் சுர இடைவெளிகள் தூய்மையாக ஒலிக்கும், ஆனால் அதில் ஜி-ஷார்ப் இருக்கும் விசையை ஏ-ஃபிளாட் ஆகப் பயன்படுத்த முடியாது. 1602-இலிருந்து 1740 வரை தாண்டிச் செல்லும் நிகழ்ச்சியில் தந்திகளை மீட்டும் விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்ட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், நடுவில் மீண்டும் சுருதி கூட்ட வேண்டியிருக்கும். அதற்கு இடைவேளை வேண்டும், சுருதி கூட்டுபவர் வேண்டும், அவர் வேலை செய்யும்போது அரங்கில் அமைதியும் வேண்டும். இரண்டு ஹார்ப்சிகார்டுகள் கேட்கலாம், ஆனால் செலவு கூடும். பல வேளைகளில் நிகழ்ச்சியின் கால எல்லையைச் சுருக்குவதே இந்தச் சிக்கலுக்குச் சிறந்த தீர்வு. கருப்பொருளும் அதனால் இறுகும்.

கட்டடத்தைப் பற்றியும் யோசியுங்கள். உயர்ந்த கற்கூரை கொண்ட தேவாலயத்தில் எதிரொலி சில நொடிகள் நீடிக்கும். மோட்டெட் என்ற பல குரல் புனிதப் பாடலுக்கு அது அழகு சேர்க்கும், வேகமான வயலின் சொனாட்டாவையும் லூட் என்ற தந்தி வாத்தியத்தின் தனி வாசிப்பையும் கரைத்துவிடும். ‘எந்த இடமும் சம்மதமே’ என்று எழுதுவது பணிவாகத் தோன்றினாலும், உங்கள் நிகழ்ச்சி எங்கே சிறக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கவில்லை என்றும் பொருள்படும். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், பொருந்தாதது என மூன்றையும் காரணத்தோடு குறிப்பிடுவது நல்லது.

நேரத்தைக் கணக்கிடும்போது இசையின் நிமிடங்களை மட்டும் கூட்டாதீர்கள். விலங்கு நரம்பால் ஆன தந்திகள் அரங்கின் வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும், இறுகும்; ஒவ்வொரு தொகுதிக்கும் இடையில் சுருதி சேர்க்க வேண்டும், கைத்தட்டல் இருக்கும், கலைஞர்கள் இடம் மாறுவார்கள். எழுபது நிமிட நேரம் ஒதுக்கப்பட்டிருந்தால், அறுபது நிமிடத்துக்கு மேல் இசையை வைக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. விழாவில் உங்களுக்குப் பின் அதே இடத்தில் இன்னொரு குழு வாசிக்கக்கூடும்.

எழுத்து

பெரும்பாலான விண்ணப்பங்களில் தலைப்பு, சுருக்க விவரிப்பு, விரிவான விவரிப்பு, படைப்புப் பட்டியல், குழு அறிமுகம், பதிவுகள், வரவுசெலவு என்ற பகுதிகள் இருக்கும். சுருக்க விவரிப்பை ஒருவர் ஒரு நிமிடத்தில் படித்துவிட்டு, தொடர்ந்து படிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். ஆகவே அதைக் கடைசியாக எழுதுங்கள், அதிக நேரம் செலவிட்டு எழுதுங்கள். ‘காலத்தைக் கடந்த பயணத்துக்கு அழைத்துச் செல்கிறோம்’, ‘மறக்கப்பட்ட பொக்கிஷங்களை உயிர்ப்பிக்கிறோம்’ போன்ற தொடர்கள் எல்லா விண்ணப்பங்களிலும் இருப்பவை, எதையும் தெரிவிப்பதில்லை. மேலே உருவாக்கிய எடுத்துக்காட்டுக்கு நான் இப்படி எழுதுவேன்:

‘சில குரல்களும் ஓர் ஆர்கனும் மட்டும் கொண்ட ஆன்மிகக் கச்சேரி, 1600-ஐ ஒட்டி இத்தாலியில் புதுமையாகப் பிறந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர்கள் அதை விரும்பிக் கற்றார்கள். முப்பதாண்டுப் போர் அவர்களுடைய பாடகர்களைச் சிதறடித்தபோது, அந்தச் சிறு வடிவமே அவர்களுக்கு எஞ்சியது. வியாடானாவிலிருந்து ஷைன் வழியாக ஷூட்ஸின் 1636 தொகுப்புவரை சென்று, 1647-இல் அமைதியை வேண்டும் பாடலில் முடியும் இந்த நிகழ்ச்சியில், நான்கு பாடகர்களும் நான்கு வாத்தியக் கலைஞர்களும் பங்கேற்கிறார்கள். இடைவேளை இல்லை, இசையின் நேரம் 58 நிமிடங்கள்.’

இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பவருக்குக் கதையும், அளவும், நேரமும் தெரிந்துவிடுகின்றன. விரிவான விவரிப்பில் இதையே நீட்டி எழுதாமல், வரிசையின் காரணத்தையும், மூலங்களையும், நீங்கள் எடுத்த வாசிப்பு முடிவுகளையும் சொல்லுங்கள். எத்தனை பேர் ஒரு குரலைப் பாடுகிறார்கள், கன்டினுவோவில் ஆர்கனோடு, நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியமான தியார்போ சேர்கிறதா, எந்த வட்டாரத்து உச்சரிப்பில் லத்தீன் பாடப்படுகிறது என்பன போன்ற முடிவுகளைத் துறை அறிந்தவர்கள் விரும்பிப் படிப்பார்கள். ஆய்வில் உறுதியாகாத ஒன்றை உறுதியான செய்தியாக எழுதிவிட்டால், மற்ற எல்லா வரிகள் மீதும் ஐயம் விழும்.

படைப்புப் பட்டியலில் இசையமைப்பாளரின் முழுப் பெயர், வாழ்ந்த ஆண்டுகள், படைப்பின் தலைப்பு மூல மொழியில், மூலத் தொகுப்பின் பெயரும் ஆண்டும், கலைஞர் தேவை, நேரம் ஆகியவை இருக்க வேண்டும். ‘மான்டிவெர்டியின் மாட்ரிகல்கள், தேர்வு பின்னர்’ என்று எழுதினால் நிகழ்ச்சி இன்னும் தயாராகவில்லை என்பதே செய்தி. பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பை யார் தருவார்கள், மேல்திரையில் காட்ட வேண்டுமா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பத்தை விழா கேட்கும் மொழியில் எழுதி, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் படித்துக் காட்டுவது அவசியம்.

குழு அறிமுகத்தில் பெற்ற விருதுகளையும் படித்த இடங்களையும் அடுக்குவதைவிட, இந்தக் கருப்பொருளோடு குழுவுக்கு உள்ள தொடர்பைச் சொல்வது பயன் தரும். இதே மூலத்திலிருந்து முன்பு வாசித்திருக்கிறீர்களா, குழுவில் ஒருவர் அதைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறாரா என்பவை இங்கே வரட்டும்.

பதிவுகள்

வெட்டி ஒட்டாத, நேரடி நிகழ்ச்சியில் எடுத்த காணொளிகள் இரண்டோ மூன்றோ போதும். முன்மொழியும் நிகழ்ச்சியிலிருந்தே ஒரு படைப்பாவது அவற்றில் இருக்கட்டும். அது முடியாவிட்டால் அதே காலத்து, அதே அளவிலான படைப்பு. பதிவில் பாடுபவர்கள் வேறு, விழாவுக்கு வரப்போகிறவர்கள் வேறு என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செயற்கையான எதிரொலியைச் சேர்ப்பது குறைகளை மறைக்காது, மறைக்க முயன்றதையே காட்டும். கேட்பவர் முதல் அரை நிமிடத்திலேயே ஒரு கருத்துக்கு வந்துவிடுவார் என்பதால், நீண்ட முன்னுரைப் பேச்சையும் மேடைக்கு நடந்துவரும் காட்சியையும் நீக்கி, இசை தொடங்கும் இடத்திலிருந்தே அனுப்புங்கள்.

வரவுசெலவு

ஊதியத்தை ஒரே தொகையாக எழுதினாலும், அதற்குள் என்ன அடங்கியுள்ளது என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். கலைஞர் ஊதியம், பயணம், தங்குமிடம், நாள் படி, ஹார்ப்சிகார்ட் அல்லது ஆர்கன் வாடகை, சுருதி கூட்டுபவரின் கட்டணம், பதிப்பு வாடகை, வாத்தியக் காப்பீடு என்று வரிகள் இருக்கட்டும். வெளிநாட்டுக் கலைஞரின் ஊதியத்திலிருந்து மூலத்திலேயே வரி பிடிப்பது பல நாடுகளில் வழக்கம் என்பதால், நீங்கள் சொல்லும் தொகை வரிக்கு முன்னா பின்னா என்று எழுதாவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வரும். பெரிய தியார்போவுக்கும் வியோலா த காம்பா என்ற வில் வாத்தியத்துக்கும் விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கலாம். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குப் பத்துப் பயணச் சீட்டுகள் ஏன் என்று கேட்கும்முன் நீங்களே விளக்கிவிடுங்கள்.

எல்லைகளைக் கடக்கும் வாத்தியங்களுக்கு ஆவணங்கள் தேவைப்படும். பழைய வில்களிலும் விசைகளிலும் உள்ள தந்தம், ஆமை ஓடு, 1992 முதல் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள பிரேசில் ரோஸ்வுட் ஆகியவை, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்படிக்கைக்குள் வருகின்றன. வாத்தியத்துக்கான சான்றிதழ் பெற மாதக்கணக்கில் ஆகலாம். சுங்கத்துக்கு ‘ஏ.டி.ஏ. கார்னே’ என்ற தற்காலிக அனுமதிப் பத்திரமும் தேவைப்படலாம். முன்மொழிவில் இவற்றை விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் செலவிலும் கால அளவிலும் இவற்றுக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

அனுப்பிய பிறகு

கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே அனுப்பிவிடுங்கள். இணைப்புகள் திறக்கின்றனவா என்பதை வேறொருவரின் கணினியில் சோதித்த பிறகு அனுப்புங்கள். முடிவு அறிவிக்கப்படும் என்று சொன்ன தேதி கடந்து இரண்டு வாரம் ஆனால், ஒரே ஒரு முறை மரியாதையாகக் கேட்கலாம். மறுப்பு வந்தால் காரணம் கேட்டு நச்சரிக்க வேண்டாம், ஆனால் நன்றி தெரிவித்து இரண்டு வரி எழுதுவது நல்லது. இடமோ ஆண்டுக் கருப்பொருளோ பொருந்தாததால் மறுக்கப்பட்ட நிகழ்ச்சியை ஓரிரு ஆண்டுகள் கழித்து இயக்குநரே நினைவு வைத்துக் கேட்பது உண்டு.

ஏற்கும் நிலை வந்தால், பெரும்பாலும் ஏதாவது மாற்றத்தோடுதான் ஏற்பார்கள். நேரத்தைப் பத்து நிமிடம் குறைக்கச் சொல்லலாம், வேறு தேவாலயத்தைத் தரலாம், ஒரு படைப்பு இன்னொரு குழுவின் நிரலில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லலாம். எவற்றை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தால் நிகழ்ச்சி தன் வடிவத்தை இழந்துவிடும் என்பதைக் குழுவுக்குள் முன்பே பேசி எழுதி வைத்திருங்கள். மேலே கண்ட எடுத்துக்காட்டில் ஷைனின் இரண்டு படைப்புகளில் ஒன்றையும், ஷைட்டின் ஆர்கன் படைப்பையும் நீக்கலாம். வியாடானாவின் கச்சேரியை நீக்கினால் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதே மறைந்துவிடும், ஆகவே அதற்கு மாற்றாக அதே தொகுப்பிலிருந்து குறுகிய ஒன்றை முன்வைக்க வேண்டும். மாற்றத்தை ஏற்றவுடன் படைப்புப் பட்டியல், நேரக் கணக்கு, கலைஞர் எண்ணிக்கை, வரவுசெலவு ஆகிய நான்கையும் ஒருசேரத் திருத்தி, தேதியிட்ட புதிய பிரதியாக விழா அலுவலகத்துக்கு அனுப்பி, இனி இதுவே செல்லும் என்று எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள்.